பாமினியில் ஒரு கலியாண வீடு

முதலில் படம் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கறுத்த திரைக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தார். அக்கா ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கைகளை மடியில் வைத்தபடி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. ஆகவே அவளுக்குக் கிடைத்தது வெறும் கறுப்பு மட்டும்தான்.

வரும், கொஞ்சம் பொறுங்கோ என்று அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னேன். அக்காவோடு கதைப்பதென்றால் முகத்தைத் திருப்பித்தான் கதைக்க வேண்டும். ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் ஆட்களின் வாயைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வாள். திருப்பிக் கதைப்பாள், ஆனால் குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வரும். தெரியாத ஆட்கள் அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைப்பார்கள். உண்மையில் எங்கள் வீட்டில் கோபக்காரி நான்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

பென்டிரைவைக் கழற்றித் திரும்பச் செருகினேன். ரீவியை நிப்பாட்டிப் போட்டேன். பென்டிரைவில் ஊதியும் பார்த்தேன். நாதஸ்வரம் வந்தது, படம் வரவில்லை.

அது அக்காவின் கலியாண வீட்டு வீடியோ. அத்தான் போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருசம். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்கும் எங்கள் ஊர் முரசுமோட்டைக்கும் அலைந்து அலைந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வருசமும் அக்கா ரீவி பக்கம் போகவில்லை. எதையும் கேட்கவுமில்லை. நான் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற வேலிப் பொட்டுக்குள்ளால் கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுவாள், கொடுக்காவிட்டால் பாணைக் கடித்துக்கொண்டு இருப்பாள். போன கிழமைதான் முதன்முதலாக ஒன்று கேட்டாள். ஆட்டைத் திவசம் முடிந்த அன்று பின்னேரம் கலியாண வீட்டு வீடியோவைப் பார்க்க வேண்டும், அதுவும் அவர் எழுதின எழுத்தோடு பார்க்க வேண்டும் என்றாள். படம் ஓடுகிறதா என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்தபோதுதான் இப்படி நடந்தது.

அவர் எழுதின எழுத்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து நான்கில் நானும் அத்தானும் கிளிநொச்சியில் ஒரே தட்டச்சுக் கடையில் வேலை செய்தோம். அப்போது அவர் எனக்கு அத்தான் இல்லை, சிவகரன் அண்ணை. சண்டை நின்று றோட்டு திறந்திருந்த காலம். ஜெனரேற்றர் ஓடும் நேரத்துக்குள் கலியாண அழைப்புக் காட்டு, பரீட்சைத் தாள், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்து முடிக்க வேண்டும். எல்லாம் பாமினியில்தான். பாமினி என்பது ஒரு தமிழ் எழுத்துரு. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில விசைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருக்கும். எம்மை அழுத்தினால் அ வரும், எஃப்பை அழுத்தினால் க வரும். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் போய்விடும், அழுத்தின ஆங்கில விசைகள் மட்டும் நிற்கும். எங்கள் விரல்களுக்குப் பாமினி பாடம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்போம்.

ஒரு நாள் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் அவளிடம் என்னவோ கேட்டார், அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரையைத் திருப்பி, கேட்டதைப் பாமினியில் அடித்துக் காட்டிவிட்டார். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவர் அடித்தது, உங்கட தங்கச்சி எப்பவும் இப்பிடித்தான் முறைக்கிறவவோ என்பது. ஆறு மாதத்தில் கலியாணம் முடிந்தது.

கலியாணத்துக்குப் பிறகு அவர் ஒரு பழைய கொம்பியூட்டரை எங்கிருந்தோ வாங்கி வந்தார். முன்பக்கம் சின்னது, பின்பக்கம் சோறு அவிக்கிற ஒரு கிடாரம் அளவு. வவுனியாவிலிருந்து வரும் படச் சீடிகளை அதில் போட்டு, ஒவ்வொரு ஆள் கதைப்பதையும் கேட்டுக் கேட்டு, எந்த நொடியில் வர வேண்டும் என்று குறித்து, படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தாக அக்காவுக்கு அடித்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேருமாக இருந்து பார்ப்போம். சண்டைக் காட்சியில் ‘இனி இருபது நிமிசம் அடிபடுவினம்’ என்று போடுவார். பாட்டு வந்தால், ‘பாட்டு. மழையில நனையினம். கருத்து ஒண்டுமில்லை’ என்று வரும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்குச் சத்தமும் கேட்கும், எழுத்தும் தெரியும். ஆனாலும் நான் எழுத்தைத்தான் பார்ப்பேன். படத்தை விட அது நன்றாக இருக்கும்.

அப்படித்தான் கலியாண வீட்டு வீடியோவுக்கும் எழுதினார். எங்கள் வீடியோக்காரனுக்கு ஒன்றையும் வெட்டத் தெரியாது. வெட்டினால் வாடிக்கையாளருக்குத் துரோகம் என்று நினைக்கிற மனிசன். முன்னால் பூவும் இதயமும் பறக்கிற இரண்டு நிமிசப் பெயர்ப் பலகையை ஒட்டி, ஆட்களின் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டுத் தந்துவிட்டான். ஆட்கள் கதைத்த சத்தம் மூலப் பிரதியில் மட்டும் இருந்தது. அத்தான் அவனுடைய கடையில் போய்க் குந்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலப் பிரதியைக் கேட்டு, கலியாணத்தில் யார் யார் என்ன கதைத்தார்கள் என்று முழுவதையும் எழுதினார். ஆகவே எங்கள் வீட்டு வீடியோவில் காது கேட்கிறவர்களுக்குப் பாட்டுத்தான். யார் என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் எழுதினதைத்தான் பார்க்க வேண்டும். படமும் அந்தக் காலத்துச் சீடிப் படம். முகங்கள் எல்லாம் கலங்கின தண்ணீருக்குள் கிடந்தது போல இருக்கும்.

அந்தச் சீடி காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரே பைக்குள் இருந்தபடியால் சண்டையில் இடம்பெயர்ந்த இடமெல்லாம் எங்களோடு வந்து, முகாமுக்கும் போய், திரும்பி முரசுமோட்டைக்கும் வந்தது. இப்போது போட்டுப் பார்த்தால் கீறல் விழுந்து படக் கோப்பு திறக்கவே இல்லை. எழுத்துக் கோப்பு சின்னது என்பதால் அது மட்டும் தப்பியது. நல்ல காலமாக மூலப் பிரதி ரொறன்ரோவில் அத்தானுடைய தமையனிடம் இருந்தது. செத்தவீட்டுக்கு வந்தபோது அவர் அதைத்தான் பென்டிரைவில் கொண்டுவந்து தந்திருந்தார். எழுத்து எங்களிடம், படம் அவரிடமிருந்து. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் என் வேலை. ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூட அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். திருத்தக் கடையில் ரஜிதன் என்று ஒரு இளம் ஆள். வந்ததும் வராததுமாக என்னை அன்ரி என்றார். சரி, நாற்பத்து மூன்று வயதுக்கு அது நியாயம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேலை தெரிந்த ஆள் என்பதை மறுக்க முடியாது. வீடியோ என்பது கட்டின பொதி மாதிரி, படத்துக்கு ஒரு முடிச்சு, சத்தத்துக்கு ஒரு முடிச்சு, அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்ததுக்குப் பெயர்தான் கோடெக், உங்கள் ரீவிக்குச் சத்தத்தின் முடிச்சு தெரியும், பழைய கமராப் படத்தின் முடிச்சு தெரியாது என்று விளங்கப்படுத்தினார். செம்மஞ்சள் கூம்புப் படம் போட்ட ஒரு பிளேயரை லப்டொப்பில் போட்டார். அதற்கு எல்லா முடிச்சும் தெரியுமாம். லப்டொப்பை ஒரு வயரால் ரீவியோடு தொடுத்தால் போதும் என்றார்.

படம் வந்தது. நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு எங்கள் சனத்தை நான் தெளிவாகப் பார்த்தேன். அப்புத்துரை மாமா பந்தியில் இருந்து வடை கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வெத்திலைக் காவிப் பற்களை ஒன்று ஒன்றாக எண்ணலாம். மாமா இப்போது உயிரோடு இல்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களிலும் பாதிப் பேர் இல்லை. நான் கண்ணைத் துடைத்தேன், ரஜிதன் பார்க்காத மாதிரி வயரைச் சுற்றினார்.

ஆனால் மாமாவுக்குக் கீழே ஓடின எழுத்து இப்படித் தொடங்கியது:

mf;fh Nghdhy;

ரஜிதன் தலையைச் சொறிந்தார்.

"அன்ரி, இது இங்கிலீசுமில்லை ஒண்டுமில்லை. சப்டைட்டில் பழுதாப் போச்சு. அழிச்சுப்போட்டு ஏஐயால புதுசா எழுதுவிப்பம். அதுவே கேட்டு அதுவே எழுதும்."

சொன்ன கையோடு ஒரு நிமிசத்துக்கு அதை ஓடவும் விட்டார். மாமா வாய் நிறைய வடையோடு, வடை ஆறிப்போச்சு என்றார். வடை ஆற்றில் போச்சு என்று எழுதியது அது. யாரோ பின்னால் இண்டைக்கு என்றதை இந்தியாவுக்கு என்று எழுதியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழிக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் ரஜிதனின் விரல் இருந்தது.

"தம்பி, கையை எடுங்கோ," என்றேன். "இது பழுதில்லை. இது அத்தான்."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அந்தக் கணத்தில்தான் விளங்கியது. மேசையில் கிடந்த என் விரல்கள் தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தன. எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச். அ, க், கா. அக்கா. அக்கா போனால். அந்தப் பொருளில்லாத எழுத்துகளை நான் கடையில் நின்றபடியே வாசித்தேன்: அக்கா போனால் எனக்கு ஆரோட கதைக்கிறது.

எழுபது வயது அப்புத்துரை மாமா வடையைக் கடித்துக்கொண்டு இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அதிலிருந்தே இன்னொன்றும் தெரிந்தது. எழுத்து பிந்தி வருகிறது. வீடியோக்காரனின் பூவும் இதயமும் பறக்கிற இரண்டு நிமிசம் இந்தப் பிரதியில் இல்லை, எழுத்து அந்த இரண்டு நிமிசத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டு நிற்கிறது. யார் சொன்ன வசனம் மாமாவின் வாயில் வந்து விழுந்தது என்று வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் லேசில் முடியவில்லை. பாமினியைத் தேடி லப்டொப்பில் போட்டேன். தமிழ் வந்தது, ஆனால் ஈ வருகிற இடமெல்லாம் வரி பாதியில் காணாமல் போனது. ஈ இருக்கும் விசையின் குறியை அந்தப் பிளேயர் ஏதோ கட்டளை என்று எடுத்துக்கொண்டு அப்படியே விழுங்கியது. பிறகு முழுவதையும் யூனிகோட்டுக்கு மாற்றினேன். மாற்றிச் சேமித்துவிட்டுத் திறந்தால், அத்தான் எழுதின தொள்ளாயிரம் வரியும் வெறும் கேள்விக்குறியாக நின்றது. சேமிக்கும்போது கீழே எந்தக் குறியீட்டு முறையில் என்று கேட்டதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். பழைய பிரதி இருந்தபடியால் தப்பினேன். இல்லையென்றால் அந்த லப்டொப் எங்கள் கிணற்றுக்குள்தான் கிடந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரத்தைச் சரிசெய்யக் குந்தினேன். ஜி விசையை ஒரு தரம் அழுத்தினால் எழுத்து ஒரு துளி முன்னுக்கு வரும். இருநூறு தரம் அழுத்திப் பெருவிரல் நோவெடுத்த பிறகு, எத்தனை நொடி என்று நேரே எழுதுகிற பெட்டி ஒன்று இருப்பதைக் கண்டேன். நூற்று இருபது நொடி என்று போட்டேன். ஐயர் மேளகாரரை அதட்டினார், அதட்டல் சரியாகக் கீழே வந்தது. கெட்டிமேளம் என்றார், அந்த நொடியிலேயே கெட்டிமேளம் என்று எழுத்து வந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் வடிவம்மா மாமி வந்தா. அவா அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. தாலி கட்டி முடிந்ததும் கமராவுக்கு நேரே நின்று பக்கத்து ஆளிடம் சொன்னா. எழுத்தில், ‘நல்ல பொருத்தமான சோடி’ என்று வந்தது. என் காதில் விழுந்தது வேறு. உந்தச் செவிட்டுப் பெட்டைக்கு இப்பிடி ஒரு பெடியன் கிடைச்சிருக்கு, காலம்தான் என்று மாமி சொன்னா.

திரும்பவும் நேரம் விலகிவிட்டது என்று நினைத்தேன். முன்னுக்குத் தள்ளினேன், பின்னுக்குத் தள்ளினேன். மாமிக்கு முன் வரியும் பொருந்தியது, பின் வரியும் பொருந்தியது. மாமியின் வரி மட்டும் பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். பாயாசத்துக்கு இனிப்புக் காணாது என்று ஒருவர் சொன்னது அப்படியே வந்தது. பெட்டைக்குக் கேக்காது, நல்லாக் கத்திச் சொல்லுங்கோ என்று யாரோ சொல்லிச் சிரித்த இடத்தில், ‘நேரமாகுது, எல்லாரும் சாப்பிட வாங்கோ’ என்று வந்தது. கோடெக்கிலும் பிழையில்லை, நேரத்திலும் பிழையில்லை. இவர் வேணுமென்றுதான் பொய் எழுதியிருக்கிறார். அக்காவைக் குத்துகிற கதை வரும் இடங்களில் மட்டும், அதே நீளத்துக்கு, அதே நொடியில், வேறு ஒன்றை வைத்திருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மனிசன் ஹெட்போனோடு தனிய இருந்து அந்தக் கதையெல்லாவற்றையும் கேட்டிருப்பாரே என்று நினைத்தேன், சிரிப்பு நின்றது.

அடுத்து வந்தது நான். மயில்கழுத்து நீலச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், இருபத்திரண்டு வயது. மணவறைக்கு முன்னால் சிநேகிதி ஒருத்தியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வாயெல்லாம் பல்.

"இண்டையோட என்ர சனியன் துலைஞ்சுது," என்றாள் அந்த நீலச் சேலைப் பெட்டை, அதாவது நான். "இனிச் செவிடிக்குப் பின்னால திரியத் தேவையில்லை."

கீழே எழுத்து வந்தது: ‘அக்கா போனால் எனக்கு ஆரோட கதைக்கிறது.’

லப்டொப்பை மூடிவிட்டேன். குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். வெட்கம் என்று சொன்னால் போதாது, என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நியாயம் ஒன்று இல்லாமல் இல்லை. எனக்கு ஐந்து வயதானதிலிருந்து நான்தான் அவளுடைய காது. ஆசுப்பத்திரிக்கு நான், கடைக்கு நான், கோயிலில் ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல நான். மற்றப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாட, நான் அவளுக்கு முன்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். எங்கே போனாலும், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ என்று அவளுக்குச் சொல்வார்கள், விளங்காவிட்டால் அதையும் நான்தான் சொல்ல வேண்டும். அவள் கலியாணம் முடித்துப் போகிற நாள் எனக்கு விடுதலை நாளாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விடுதலை நான்கு நாள்தான் நின்றது. ஐந்தாம் நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாயைப் பார்த்துக் கதை கேட்டுப் பழகின ஒரு ஆளோடு வளர்ந்தவளுக்கு, எங்கேயோ பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்கிற மற்ற ஆட்களோடு கதைக்க முடியவில்லை. அன்றைக்குப் போனவள் இன்றைக்கும் வேலிக்கு மற்றப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

அத்தானுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இருபது வருசம் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த மனிசன், ஒரு நாள்கூட முகத்தில் காட்டவில்லை.

இப்போது என் பயம் வேறு. பழைய சீடியில் முகம் கலங்கல், வாய் தெரியாது. அக்கா எழுத்தை மட்டும்தான் பார்த்தாள். இந்தப் பிரதியில் மாமாவின் பல்லையே எண்ணலாம் என்று நானே வாய் வழிய அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தேன். சத்தத்தை நிப்பாட்டலாம், வாயை எப்படி நிப்பாட்டுவது? முரசுமோட்டை முழுக்கத் தேடினாலும் என் வாயை அக்காவை விட நன்றாக வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை. அவருடைய எழுத்து வேண்டும் என்று கேட்டவளுக்கு, அவர் எழுதினது பொய் என்று காட்டிக் கொடுக்கப் போகிறது என் வாய்.

சனிக்கிழமை காலை அந்தத் தெளிவான படத்தை நானே பழுதாக்கினேன். படத்தைப் பழைய சீடி அளவுக்குச் சுருக்கி, தரத்தை ஆகக் குறைவில் வைத்து, இன்னொரு பிரதி எடுத்தேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. முகங்கள் திரும்பவும் கலங்கின தண்ணீருக்குள் போய்விட்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திவசம் நல்லபடி முடிந்தது. சனம் சாப்பிட்டுப் போய்விட்டது. பின்னேரம் அக்கா முகத்தைக் கழுவி, மாற்றுச் சேலை உடுத்துக்கொண்டு வந்து ரீவிக்கு முன்னால் இருந்தாள். நான் வயரைத் தொடுத்துக் கலங்கல் பிரதியைப் போட்டேன்.

மாப்பிள்ளை வந்தார். தலைப்பாகையோடு குனிந்த தலை நிமிராமல் தோழனுக்குப் பின்னால் நடந்தார். வாய் மூடியிருந்தது. கீழே எழுத்து ஓடியது: ‘நான் இதில ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு கதைக்கிறன்.’

அக்கா அதைத் தன் ஒரே மட்டக் குரலில் சத்தமாக வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவருடைய குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கதைப்பதென்றால் அவளுக்கு அந்த எழுத்துத்தான். நான் ஆறு நாள் பட்ட பாட்டுக்கு அது ஒன்றே போதும் என்று இருந்தது.

பிறகு அவள் முன்னுக்குச் சரிந்து கண்ணைச் சுருக்கினாள். ஏன் இவ்வளவு கலங்கல், அப்புத்துரை மாமாவின் பல்லை எண்ணலாம் என்றாயே என்று கேட்டாள். ரீவியில் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு ஐந்து வயதிலும் வராது, இப்போதும் வராது. தெளிவான பிரதி இருக்கிறது என்றேன். அப்ப அதைப் போடு என்றாள்.

போட்டேன். ஐயர் அதட்டினார். தாலி கட்டினார்கள். எழுத்தில் மாமி பொருத்தமான சோடி என்றா, அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீலச் சேலை திரையின் ஓரத்தில் தெரிந்ததும் நான் எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு," என்றாள் அக்கா.

தள்ளினேன். என் பழைய வாய் திறந்தது, சொன்னது, சிரித்தது. அக்கா கையை நீட்டி லப்டொப்பில் படத்தை நிப்பாட்டினாள். திரை முழுக்க என் முகம், திறந்த வாய், அதற்குக் கீழே அத்தானின் வரி. அக்கா என்று கூப்பிட்டேன்.

"இதை நான் அண்டைக்கே பாத்தனான்," என்றாள். "மணவறையில இருக்க நீ எனக்கு நேரதான் நிண்டு சொன்னனி."

பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். ஒரே மட்டம்தான்.

"பிறகு வீடியோவில பாத்தன், அவர் இப்பிடி எழுதியிருந்தார்."

"நீங்கள் அதை நம்பினியளோ?"

"எனக்குக் கண் இருக்கு," என்றாள். திரையில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். "ஆனா அவர் சும்மா எழுதமாட்டார். நீ எப்பவாவது ஒருநாள் இதைச் சொல்லுவாய் எண்டு இருந்தனான்."

இருபத்தொரு வருசம். நான் அவளுக்குக் கறி கொடுத்திருக்கிறேன், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், முகாமில் ஒரே பாயில் படுத்திருக்கிறேன். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். கதிரையை இழுத்து, அவளுக்கு நேரே திருப்பிப் போட்டு இருந்தேன். சின்ன வயதில் செய்வது போல, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரிக் கொஞ்சம் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் வாயை அசைத்தேன்.

"அக்கா போனால் எனக்கு ஆரோட கதைக்கிறது."

அக்கா என் வாயைப் பார்த்தாள். திரும்பித் திரையில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறவளைப் போல இன்னொரு தரம் என்னைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "இனித் தள்ளு. மாமாவின்ர வடை வரப்போகுது."